பஸ் தரிப்பிடத்தால் கட்டிய கல்லறை

1

எல்லாம் அந்தப் புல் வெட்டும் வண்டியால் வந்தது.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. டென்மார்க்கில் நான் இருக்கும் சிறிய நகரத்தின் சேமக்காலையில், என் மனைவி ரெஜினாவை அடக்கம் செய்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் இறந்து ஓராண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. மன்னாரில் இருக்கும் அவளுடைய அக்கா ஸ்டெல்லா அதுவரை அந்த இடத்தைக் காட்டும்படி கேட்டதில்லை. அன்று அவராகவே கேட்டார். கைத்தொலைபேசியைத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன்.

காட்ட அங்கே அதிகம் இல்லை. ஒரு புல்வெளி. அதில் நிலத்தோடு மட்டமாகப் பதித்த சாம்பல் நிறக் கற்கள், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றும் ஒரு புத்தகத்தை விரித்து வைத்த அளவு. ஒன்றில் ரெஜினாவின் பெயர். நான் அந்தக் கல்லை நோக்கிக் குனிந்தபோதுதான் வண்டி வந்தது. ஓட்டி வந்த இளைஞன் எனக்கு மரியாதையாகக் கையை உயர்த்திவிட்டு, அந்த வரிசை முழுவதற்கும் மேலால் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

ஸ்டெல்லாக்காவின் முகம் திரைக்குக் கிட்ட வந்தது.

"தம்பி, உந்த மெஷின் எதுக்கு மேல ஏறினது?"

"புல்லு வெட்டுறாங்கள் அக்கா."

"நான் புல்லைக் கேக்கேல்லை. என்ர பிள்ளையின்ர பேர் எழுதின கல்லுக்கு மேலதானே ஏறினவன்?"

"கல்லு மட்டமாத்தான் வைச்சிருக்கு. அதுக்கு ஒண்டும் நடக்காது."

"கல்லுக்கு நடக்காது. அப்ப ஆக்களும் உதுக்கு மேலால நடப்பினமோ?"

"வைக்கிறன்" என்று ஸ்டெல்லாக்கா வைத்துவிட்டார்.

2

மன்னாரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நவம்பர் இரண்டாம் திகதி சகல ஆத்துமாக்கள் தினம். அதற்கு முந்திய வாரத்தில் எங்கள் ஊர்ச் சேமக்காலையில் கால்வைக்க இடமிராது. வாளி, தும்புத்தடி, சுண்ணாம்பு என்று ஒவ்வொரு குடும்பமும் வந்து இறங்கும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி அந்த வாரத்தில் சுண்ணாம்பு மூட்டைகளைக் கடைக்கு உள்ளே அடுக்குவதே இல்லை; வாசலிலேயே இறக்கிவிடுவார். கல்லறையைக் கழுவி, பாசி சுரண்டி, வெள்ளை அடித்து, சுற்றிவரக் கடற்கரை மணல் பரப்புவார்கள். இரண்டாம் திகதி பின்னேரம் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு அவரவர் கல்லறையின் அருகில் அவரவர் நிற்க, பங்குக் குருவான சுவாமி ஒவ்வொன்றாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். யாருடைய வெள்ளை பளிச்சென்று இருக்கிறது என்று கடைக்கண்ணால் பார்ப்பதும் உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். இறந்தவருக்குச் செய்ய மிஞ்சியிருப்பது அதுதான்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லாக்கா திரும்ப எடுத்தார். குரலில் கோபமில்லை. கோபமிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் சண்டைக்கு வரேல்லை தம்பி. ஒண்டுதான் கேக்கிறன். சுவாமி தீர்த்தம் தெளிச்சுக்கொண்டு வரேக்க அவளுக்காக நான் எங்க நிக்கிறது?"

"அப்பா அம்மாவின்ர கல்லறையில நில்லுங்கோவன்."

"அது அவையின்ரது. இவளின்ர எங்க? எனக்கு நிக்க ஒரு இடம் காட்டுங்கோ."

ரெஜினாவுக்கு மூன்று வயதில் தாய் இறந்துவிட்டார். குளிக்க வார்த்து, தலை இழுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, என்னிடம் கைபிடித்துக் கொடுத்தது எல்லாம் ஸ்டெல்லாக்காதான். "பிள்ளை" என்று அவர் சொல்வது வாய்வழக்கமல்ல.

"ஆர் உந்தப் புல்லுக்குள்ள இடம் எடுத்தது?" என்று கடைசியாகக் கேட்டார்.

"அந்த இடம்தான் கிடைச்சது அக்கா" என்றேன்.

அது உண்மையல்ல. அந்த இடத்தைத் தெரிவு செய்தவள் ரெஜினா. ஆஸ்பத்திரியில் தாதி ஒரு சிறு படப்புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த நாட்டில் இதையும் நோயாளியிடமே கேட்பார்கள். ரெஜினா பக்கம் பக்கமாகப் பார்த்து, புல்வெளியில் விரலை வைத்தாள். "இது நல்லது. மழை கழுவும், மெஷின் புல்லை வெட்டும். நீங்களும் பிள்ளையும் வாளி தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை" என்றாள். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அவள் வாளி தூக்கியவள். பாடசாலை ஒன்றில் துப்புரவு வேலை. அது முடிய வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. தன் கல்லறையை யாரும் கழுவக்கூடாது என்று அவள் விரும்பியதை, கழுவுவதற்காகவே ஒரு கல்லறை கேட்கும் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வது?

3

சேமக்காலைக் கந்தோருக்குப் போனேன். முதல் நாளே டேனிஷில் கேட்கவேண்டியதை எழுதிப் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் மேசைக்கு முன்னால் நின்றதும் வசனம் புரண்டுவிட்டது. கல்லறையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டலாமா என்று கேட்பதற்குப் பதிலாக, என் மனைவியை மேலே எடுக்கலாமா என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண்மணி பேனையைக் கீழே வைத்துவிட்டு எனக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு நான் கையால் படி படியாகக் காட்டினேன்.

அவருக்கு விளங்கியது. அன்பாகத்தான் சொன்னார். புல்வெளிப் பகுதியில் எதையும் உயர்த்திக் கட்ட முடியாது. புல் வெட்டும் காலத்தில் பூச்சாடியும் வைக்க முடியாது. "அங்கே எல்லோரும் ஒரே மட்டம். சிலருக்கு அது ஆறுதலாக இருக்கிறது" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வெளியில் மழை தூறிக்கொண்டிருந்தது. ரெஜினா சொன்னதுபோல அது கற்களைக் கழுவிக்கொண்டிருந்தது.

4

எங்கள் ஒரே மகள் டிலானி கோபன்ஹேகனில் கலை படிக்கிறாள். தாய் இறந்தபின் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. வந்தாலும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் இடிக்காமல் நடக்கப் பழகிய விருந்தாளிகள் போல இருப்போம். அவளுடைய தமிழ் தாயோடு பேசிய தமிழ். பேச ஆள் இல்லாமல் அதுவும் தேய்ந்து வருகிறது.

அவள் செய்யும் கலை எனக்கு அதுவரை விளங்கியதில்லை. தெருவில் கிடக்கும் சாமான்களைக் கைத்தொலைபேசியால் சுற்றிவரப் படம்பிடிப்பாள். குப்பைத்தொட்டி, மின்சாரப் பெட்டி, சைக்கிள் நிறுத்தும் இரும்பு. அந்தப் படங்களை ஒரு மென்பொருள் ஒன்றோடொன்று பொருத்தி, அந்தச் சாமானை முப்பரிமாணத்தில் கணினிக்குள் கொண்டுவந்து வைக்கும். எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நகரத்தில் எங்கும் இல்லாத கோபுரங்களாகச் செய்து பெரிய திரைகளில் காட்டுவாள். குப்பைத்தொட்டியைக் கலை என்கிறாளே என்று ரெஜினாவிடம் நான் சலித்ததுண்டு. "அவள் படமாவது எடுக்கிறாள். நான் கழுவுறன். உங்களுக்கு ரெண்டும் விளங்காது" என்று அவள் சிரிப்பாள்.

அந்த வாரக் கடைசியில் டிலானி வந்திருந்தாள். பெரியம்மா சொன்னதையும் கந்தோரில் நடந்ததையும் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையைக் கிளறிக்கொண்டே கேட்டவள், "அப்ப கம்பியூட்டருக்குள்ள கட்டுங்க. அங்க ஆரும் பெர்மிஷன் கேக்க மாட்டாங்க" என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். நான் பகிடியாக எடுக்கவில்லை. மன்னாரில் வீட்டுப் படங்கள் வரையும் கந்தோரில் வேலை செய்தவன் நான். இங்கே யன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறேன். அளவெடுத்துக் கோடு போடுவது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

அடுத்த நாள் காலை எங்கள் கட்டடத்துக்கு முன்னால் இருந்த குப்பைத்தொட்டியில் பாடம் தொடங்கியது.

"அப்பா, ஓடாதீங்க. ஊர்ல சேர்ச் பெருநாளுக்கு மாதா சுருவம் தூக்கிப் போறாங்களே, அப்படி நடங்க."

"சுருவத்துக்கு முன்னால பாண்ட் அடிப்பாங்கள். அதுவும் வேணுமோ?"

"போனைப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க."

இடுப்பளவில் ஒரு சுற்று, முழங்காலளவில் ஒரு சுற்று, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒரு சுற்று. நாயோடு வந்த ஒரு முதியவர் நின்று பார்த்துவிட்டு, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் விளக்க எனக்கு டேனிஷ் போதாது.

இந்த வேலைக்கு வெயில் ஆகாது. நிழல் சாமானோடு சேர்ந்து பதிந்துவிடும். கண்ணாடியும் ஆகாது, பளபளப்பும் ஆகாது. மேகம் மூடிய மந்தமான வெளிச்சம்தான் சிறந்தது என்றாள். இந்த நாட்டு வானத்துக்கும் ஒரு பயன் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

5

எதைக் கொண்டு கட்டுவது என்பதை நான் அதிகம் யோசிக்கவில்லை. ரெஜினா நாள்தோறும் நடந்த வழி இருந்தது. வீட்டிலிருந்து பாடசாலை, பாடசாலையிலிருந்து பஸ் தரிப்பிடம், அங்கிருந்து வயோதிபர் இல்லம். அந்த வழியில் அவள் கை பட்டதும் கால் பட்டதும் எனக்குப் போதும். வீதியோரத்துக் கருங்கல் விளிம்புகள் படிகளாகும். வீதியைக் கடக்க அவள் அமத்தும் பொத்தான் பெட்டி, மெழுகுதிரி வைக்கும் மாடமாகும். பஸ் தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கும் நீள வாங்கு மேற்பலகையாகும். அந்தத் தரிப்பிடத்தின் இரும்புத் தூண், வாங்கின் குறுக்குச் சட்டத்தோடு சேர்ந்து குருசாகும்.

வேலை முடிந்து ஒவ்வொரு பின்னேரமும் போனேன். தரிப்பிடத்தின் கண்ணாடியில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: அந்த வழியில் உள்ள தரிப்பிடங்களை எல்லாம் ஒக்டோபரில் கழற்றிவிட்டுப் புதியவை வைக்கப்போகிறார்கள். அதனால் அதை முதலில் எடுத்தேன். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் இருவர் நான் தூணைச் சுற்றுவதைப் பார்த்து, தாங்களாகவே விலகி நின்றார்கள்.

கல்லறையின் அளவு மட்டும் எனக்குச் சரியாக நினைவில்லை. ரெஜினாவின் தாய் தகப்பனின் கல்லறையையே மாதிரியாக வைக்க நினைத்து, அதைச் சுற்றிவரப் படம்பிடித்து அனுப்பும்படி ஸ்டெல்லாக்காவிடம் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவருடைய தொலைபேசியில் செயலியை இறக்கி, எப்படி நடப்பது என்றும் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தது. திறந்து பார்த்தால் கல்லறை இல்லை. வெயிலில் உருகிய மெழுகுபோல ஒரு வெள்ளைக் குவியல். அதன் பக்கத்தில் நாலு கால், ஒரு வால்.

"அக்கா, கல்லறைக்குப் பக்கத்தில கழுதை நிக்குது."

"ஓம், அது குறுக்கால வந்திட்டுது. கலைக்கக் கலைக்க நிண்டது."

"அதுக்குத் தலை இல்லை."

"எனக்குத் தலை இருக்கெண்டு நினைச்சோ இந்த வெயிலுக்க சுத்த விட்டனீங்கள்?"

ரெஜினா இறந்தபின் ஸ்டெல்லாக்கா சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"கல்லறை ஏனக்கா இவ்வளவு வெள்ளையாய் இருக்கு?"

"வெளிநாட்டுக்குப் போற படமெல்லோ. பாசியும் வெடிப்புமாவோ அனுப்புறது? முந்தாநாளே கழுவி ரெண்டு பூச்சு வெள்ளை அடிச்சிட்டன்."

டிலானிக்கு அனுப்பிக் காட்டினேன். அவள் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு விளக்கினாள். மென்பொருள் ஒரு படத்தை இன்னொரு படத்தோடு பொருத்துவது கறைகளையும் கீறல்களையும் பிடித்துத்தான். ஒரு படத்தில் கண்ட வெடிப்பை அடுத்த படத்தில் தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து உருவத்தைக் கட்டும். வெறும் வெள்ளையில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. "பெரியம்மா எல்லாத்தையும் அழிச்சிட்டா" என்றாள். நானும் சிரித்தேன்.

கடைசியில் ஸ்டெல்லாக்கா நூல் பிடித்து அளந்து அளவுகளைச் சொன்னார்.

6

கட்டி முடிக்க மூன்று வாரம் எடுத்தது. பதிவுகளில் ஓட்டைகள் இருந்தன. தொலைபேசி பார்க்காத இடமெல்லாம் ஓட்டைதான். வாங்கின் அடிப்பக்கம் முழுவதும் இல்லை. அவற்றை ஒவ்வொன்றாக அடைத்தேன். கோணலாக இருந்தவற்றை நிமிர்த்தினேன். மூன்று படி, மேற்பலகை, மாடம், தலைமாட்டில் குருசு. அளவுகள் அச்சொட்டாக வந்தன.

ஆனால் பார்க்க அது கல்லறை போல இல்லை. விளிம்புக் கல்லில் ஒட்டிக் காய்ந்த சூயிங்கம். வாங்கில் யாரோ பேனாக்கத்தியால் கீறிய பெயர்கள். தூணில் துரு, கிழிந்த விளம்பரங்கள், வரிசையாய் ஏதோ சிறு சிறு புள்ளிகள். இதை ஸ்டெல்லாக்காவுக்குக் காட்டினால், கழுவக்கூட ஆளில்லாத கல்லறை என்றுதான் நினைப்பார். ஆகவே எங்கள் ஊரில் யாரும் செய்வதை நானும் செய்தேன். நிறப் பெட்டியில் சுண்ணாம்பின் வெள்ளையைத் தேடி எடுத்து, அடியிலிருந்து குருசின் நுனிவரை எல்லாவற்றுக்கும் பூசினேன். ஒரு பக்கம் மீதமில்லாமல், மிகவும் ஒழுங்காக.

வெள்ளை பூசியதும் அது கல்லறையாகிவிட்டது. நான் கொஞ்ச நேரம் அதன் முன்னால் இருந்தேன். அந்த ஓராண்டில் அவளுக்காக என் கையால் செய்த முதல் வேலை அது.

7

ஓராண்டுப் பூசை ஞாயிற்றுக்கிழமை நடந்தது. முடிந்து வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சித் திரையில் கல்லறையைப் போட்டேன். தொலைபேசியில் ஸ்டெல்லாக்காவை அழைத்து, திரைக்கு முன்னால் பிடித்தேன். டிலானி கதிரையின் கைப்பிடியில் இருந்தாள். அவளுக்கும் அதுதான் முதல் தடவை.

கல்லறையை மெதுவாகத் திருப்பிக் காட்டினேன். ஸ்டெல்லாக்கா குருசு அடையாளம் போடுவது தெரிந்தது.

"இது எங்க தம்பி இருக்கு?"

"இஞ்சதான் அக்கா. கம்பியூட்டருக்குள்ள. அவள் போய் வாற வழியில இருக்கிற சாமானுகளால கட்டினது. அது அவள் பஸ்ஸுக்கு இருந்த வாங்கு. குருசாய் நிக்கிறது அந்தத் தரிப்பிடத்துத் தூண்."

அவர் நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல வெள்ளை" என்றார். "வடிவாய் அடிச்சிருக்கிறீங்கள். இது கல்லறை. இதைப் பார்த்துக்கொண்டு நான் நிப்பன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது டிலானி எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள்.

"அப்பா, தூணில இருந்ததெல்லாம் எங்க?"

"என்னது?"

"ஸ்டிக்கர். சின்னச் சின்ன ஸ்டிக்கர். வாங்குக்குப் பக்கத்தில, கீழ."

"ஊத்தை எல்லாம் எடுத்துப்போட்டன் பிள்ளை."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பு ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன், ஆஸ்பத்திரி வராந்தாவில். டேனிஷில் வேகமாக ஏதோ சொன்னாள். பிறகு மேலங்கியை எடுத்தாள்.

"நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"போன கிழமையே கழற்றிப்போட்டாங்கள். இப்ப புதுசு நிக்குது."

மேலங்கியோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "என்ன, பிள்ளை ஏன் அழுறாள்?" என்று தொலைபேசியில் ஸ்டெல்லாக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எதையும் எறிகிறவன் அல்ல. எடுத்த படங்கள் எல்லாம், எடுத்த இடத்தின் பெயரோடும் திகதியோடும் தனித்தனிக் கோப்புகளில் இருந்தன. அதைச் சொன்னதும் டிலானி கணினியை என் கையிலிருந்து பறித்தாள். சுண்ணாம்பு பூசாத பழைய தூண் திரையில் வந்தது. கீழ்ப் பக்கத்தைப் பெரிதாக்கினாள். நான் அழுக்கு என்று நினைத்த புள்ளிகள், பழங்களில் ஒட்டிவரும் சிறு வட்ட ஒட்டிகள். நீலமும் மஞ்சளுமாக ஒன்றன்மேல் ஒன்று. அடியில் இருந்தவை மழையில் வெளுத்துப்போய், மேலே இருந்தவை இன்னும் நிறத்தோடு.

"பெரியம்மா, பாருங்க" என்றாள். கண்ணைத் துடைக்காமலே பேசினாள். "அம்மா ஸ்கூல் வேலை முடிஞ்சு இங்க வாறா. பஸ் வர முந்திச் சாப்பிடுறா. ஒரு வாழைப்பழம். நான் சின்னப்பிள்ளை, நானும் இருக்கிறன். ஸ்டிக்கரை எனக்குத் தாறா, நான் ஒட்டுறன். பிறகு நான் பெரிய ஸ்கூலுக்குப் போயிட்டன். அம்மா தனிய ஒட்டுறா."

எல்லாம் இப்போது நடப்பதுபோலச் சொன்னாள். நடந்து முடிந்ததைச் சொல்லும் தமிழ் அவளிடம் குறைவு. நான் திருத்தவில்லை.

"வாழைப்பழமோ?" என்றார் ஸ்டெல்லாக்கா. "அவள் வாழைப்பழம் தொடமாட்டாளே. மணத்துக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாள். நான் அடிச்சும் தின்னாதவள்."

"ஒவ்வொரு நாளும் சாப்பிடுறா பெரியம்மா. அதுதான் கெதியாச் சாப்பிடலாம் எண்டு சொல்லுறா. அடுத்த வேலைக்குப் பஸ் வந்திரும்."

அவள் வயோதிபர் இல்லத்தில் மதியம் சாப்பிடுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சமையலறையில் வேலை செய்பவளிடம் சாப்பிட்டாயா என்று யார் கேட்பார்கள்? திரையில் அந்த ஒட்டிகள் தூணின் இடுப்புவரை ஏறியிருந்தன.

மன்னாரில் கோயில் மணி அடிப்பது தொலைபேசியில் கேட்டது.

"பசி பழக்கியிருக்குது" என்றார் ஸ்டெல்லாக்கா. "நான் பழக்காததை."

அதற்குமேல் என்னால் ஒளிக்க முடியவில்லை. "அக்கா, அந்தப் புல்லு இடம் அவள் தெரிஞ்செடுத்ததுதான். நானும் பிள்ளையும் வாளி தூக்கக்கூடாதாம். கழுவத் தேவையில்லாத இடம் வேணுமெண்டு அவள்தான் கேட்டவள்."

கோபிப்பார் என்று காத்திருந்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார். "நீங்கள் தெரிஞ்செடுத்திருந்தால் ஒரு மரத்துக்குக் கீழயாவது எடுத்திருப்பீங்கள். இவள்தான் ஆருக்கும் வேலை வைக்காதவள்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பிள்ளை, அந்த வெள்ளையை எடுத்துவிடு. அவள் ஒட்டினது தெரியட்டும்."

டிலானி வெள்ளையை உரித்தாள். துரு வந்தது, சூயிங்கம் வந்தது, யார் யாரோ கீறிய பெயர்கள் வந்தன. கடைசியில் குருசின் கீழ்ப்பகுதியில் அந்த ஒட்டிகள் வந்தன. அன்றிரவு அவள் கோபன்ஹேகனுக்குத் திரும்பவில்லை.

8

நவம்பர் இரண்டாம் திகதி டிலானியும் நானும் புல்வெளிக்குப் போனோம். புல் வெட்டும் காலம் முடிந்திருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுதிரிக் கூடு வைக்க அனுமதி இருந்தது. காற்றுக்கு அது இரண்டு தரம் அணைந்தது. டிலானி ஒரு வாழைப்பழத்தை உரித்துப் பாதியை எனக்குத் தந்தாள். நின்றபடி சாப்பிட்டோம். ஒட்டியைக் கல்லின் மூலையில் ஒட்டினாள். விதிகளில் அதற்குத் தடை ஏதும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வர, மன்னாரிலிருந்து ஸ்டெல்லாக்காவின் படம் வந்திருந்தது. தாய் தகப்பனின் கல்லறை, புதிதாய் அடித்த வெள்ளையில், வெயிலில் கண் கூசும்படி. சுற்றிவர மணல், மெழுகுதிரிகள். குருசின் அடியில் மட்டும் சிவப்பாய்ச் சின்னஞ்சிறிதாக ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்பிளில் வரும் ஒட்டி.

படத்தோடு குரற்பதிவும் இருந்தது. பின்னால் செபம் சொல்லும் சத்தம் கேட்டது. கிட்ட நிற்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல ஸ்டெல்லாக்கா மெல்லப் பேசினார்.

"தம்பி, இஞ்சத்தை வாழைப்பழத்தில உது ஒட்டி வாறேல்லை. அதாலை அப்பிள் வாங்கினனான். சுண்ணாம்பில ஒட்டுதில்லை, விழுந்து விழுந்து போகுது. கடைசியில மெழுகுதிரியை உருக்கி விட்டு ஒட்டினனான். இப்ப நிக்குது. சுவாமி கிட்ட வந்திட்டார், நான் அதடியில நிக்கிறன்."